மாடு உரசிய கல்

1
இதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. கதையே அந்தச் சந்தேகத்திலிருந்து பிறந்ததுதான்.

பனிமூட்டத்தில் அந்தக் கல் ஒரு

(வேண்டாம். கல் கல்லாகவே இருக்கட்டும்.)

எனக்கு ஏழு வயது. என் நண்பன் மலாக்கியின் அப்பா தன் வயலில் ஆளுயரக் கல் ஒன்றை நட்டார், மாடுகள் முதுகு சொறிந்துகொள்ள. மழை பெய்தது. அயர்லாந்தின் மேற்கில் இதை எழுதுவது மை விரயம்.

2
நாற்பது வருடம் கழித்து, எங்கள் ஊர் க்ளூன்டெராவின் பாரம்பரியக் குழுவுக்குச் சுற்றுலாத் துண்டறிக்கை எழுதினேன். இடிந்த தேவாலயமும் புனிதக் கிணறும் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. மீதியை நிரப்ப அந்தக் கல்லுக்கு நாலாயிரம் வயது கொடுத்தேன். மூன்று முறை வலம் வந்தால் முதுகுவலி தீரும் என்றும் சேர்த்தேன். குழுத் தலைவி அட்ராக்டா சுற்றினார். தீர்ந்துவிட்டது. (மாடுகளுக்கும் தீர்ந்ததுதானே.)

3
மலாக்கியின் மகள் கிரான்யா, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கைக்குழந்தையோடு ஊர் திரும்ப விரும்பினாள். வீடு கட்டச் சேறில்லாத இடம் அந்த வயல் மட்டும்தான். தொன்மைச் சின்னத்தின் அருகே கட்டக் கூடாது என்றார்கள் கட்டட அனுமதி அதிகாரிகள். நிலத்துக்குச் சொந்தக்காரன் சொல் செல்லாது. வேறு சாட்சி நான் ஒருவன்தான்.

"எங்கப்பா நட்டதைப் பார்த்தேன்னு எழுதிக் குடுடா" என்றான் மலாக்கி.

"பார்த்தேனான்னு…"

"பார்க்காத நாலாயிரம் வருசத்தை எழுதத் தெரிஞ்சுது. பார்த்ததை எழுத வரலையா?"

அட்ராக்டா கடையில் மறித்தார். "தம்பி, பஸ் பஸ்ஸா ஜெர்மன்காரங்க வர்றாங்க. மாடு சொறிஞ்ச கல்லைச் சுத்த விட்டோம்னு சொல்வியா? என் முதுகு வேற மறுபடி பிடிச்சுக்கும்."

4
முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறேன். கிரான்யா வருகிறாள். (எழுதும்போது என்மேல் எனக்கே மரியாதை வந்தது. உடனே நிறுத்திவிட்டேன்.)

முடிவு இரண்டு: அதிகாரி வருகிறார். "கல்லை யார் நட்டாங்க?" தேநீர் ஊற்றுகிறேன், அதில் நான் கெட்டிக்காரன். பிறகு துண்டறிக்கையை அவரிடம் நீட்டுகிறேன்.

எது நடந்தது என்று சொல்ல மாட்டேன். எது வேண்டுமோ அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

5
கிரான்யா பெர்த்திலேயே வீடு வாங்கிவிட்டாள். மலாக்கி ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என்னைக் கண்டால் வானத்தைப் பார்க்கிறான். அட்ராக்டாவுக்கு முதுகு நன்றாக இருக்கிறது. கல்லைச் சுற்றிக் குழு வேலி போட்டுவிட்டது. மாடுகள் இப்போது வேலிக்கு வெளியே, நான் வாசகம் எழுதிய பலகையில் உரசுகின்றன. 'நாலாயிரம்' ஏற்கெனவே அழிந்துவிட்டது.