நாலுக்கு நாலு

பெரியம்மை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் ஊசிக்காரரின் தெருவில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, தலையில் வழுக்கையும் வாங்கிவிட்டார்கள். அதில் அவருக்கு மெத்தப் பெருமைதான். ஆனாலும் சில நாள் காலையில் எழுந்ததும், வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று கால் தானாகவே செருப்பைத் தேடும். எண்பது வயதுக்கு மேல் கால் சொல்வதை யார் கேட்கிறார்கள்.

ஊர் ஊராகப் பெரியம்மைத் தடுப்பூசி போட்ட அந்த ஏழு மாதத்தைப் போல ஒரு காலம் அவருக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய நாடுகளில் ஒன்று மருந்து அனுப்பியது, மற்றது ஜீப் அனுப்பியது. ஜீப் பாதி நாள் ஓடாது. மருந்து எல்லா நாளும் வேலை செய்தது. எதை எந்த நாடு அனுப்பியது என்பதை ஊசிக்காரர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. தன்னால் ஒரு சண்டை வேண்டாமென்று.

வேலை எளிதுதான். இரண்டு முனை உள்ள சின்ன ஊசி, முனைகளுக்கு நடுவே ஒரு சொட்டு மருந்து, மேல்கையில் படபடவென்று பதினைந்து குத்து. ஒரு வாரத்தில் கொப்புளம் வரும். அது உதிர்ந்தால் காசளவு தழும்பு. குத்தி முடித்ததும் கதவில் சாக்கட்டியால் எழுத வேண்டும்: மேலே வீட்டில் எத்தனை பேர், கீழே எத்தனை பேருக்குப் போட்டாயிற்று. பயந்தவர்களுக்கு முன்னால் ஊசிக்காரர் தன் கையிலேயே குத்திக் காட்டுவார். அப்படி நூற்றுப்பத்து தடவை குத்திக்கொண்டதில், அவரைக் கடித்த கொசுக்கள்கூட நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருந்தன என்பது அவருடைய கணிப்பு.

தப்பு நடந்தது முதல் நாளே. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

"முதல்ல உன் வீட்டுக் கதவுல எழுதுய்யா. அப்பதான் மத்தவன் திறப்பான்" என்றார் சூப்பர்வைசர்.

தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, ஊசிக்காரர் தனக்கும் மாமியாருக்கும் ஆறு வயது மகளுக்கும் குத்தினார். மனைவி குழாயடிக்குப் போயிருந்தாள். வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று, கதவில் பெரிதாக நாலுக்கு நாலு என்று எழுதிவிட்டார். உடனே எதிர்வீடு திறந்தது; அப்புறம் அடுத்த வீடு.

மனைவி வாளியோடு வந்து கதவைப் படித்தாள்.

"நாலாவது யாருங்க?"

"நீதான். இப்படி வா, ஒரு நிமிஷம்."

"எனக்குத்தான் போட்டாச்சே. எழுதியிருக்கு."

"எழுதினா என்ன? இப்பப் போட்டுட்டா சரியாப் போச்சு."

"குழாயடியில நின்னவ கையில எப்படிக் குத்தினீங்க? இங்கேருந்தே எறிஞ்சீங்களா?" வாளியைக் கீழே வைத்தாள். "என்னைக் கேக்காம என்னைக் கணக்குல சேர்த்தாச்சு. தப்புன்னு அழிச்சிட்டு வந்து கையைக் கேளுங்க. தர்றேன்."

அப்போதுதான் திறந்த தெருவின் முன்னால் அழிப்பதா? இவன் எழுதுவதே பொய் என்று எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளுமே. அவர் அழிக்கவில்லை. அவள் கை தரவில்லை. மாமியார் சமாதானத்துக்கு வரவில்லை.

"அவ அப்பாவை உரிச்சு வச்சவ, மாப்ளே. அவர் எங்கூட ரெண்டு வருஷம் பேசலை. எதுக்குன்னு கடைசியில அவருக்கே மறந்துபோச்சு."

ஏழு மாதம் போயிற்று. பதினோராயிரம் கைகளில் குத்தியவர் ஒரு கைக்காகத் தவித்தார். பக்கத்து ஊரில் யாருக்கோ காய்ச்சல் என்று கேட்டாலே அவருக்குச் சோறு இறங்காது. மழை பெய்து கதவில் சாக்கட்டி கலையும்போதெல்லாம், அழித்துவிடலாமா என்று நிற்பார். பிறகு பழையபடி நாலுக்கு நாலு என்றே பளிச்சென்று எழுதிவிடுவார்.

அப்புறம் சரிபார்க்கும் குழு வந்தது. மூன்று நாட்டு டாக்டர்கள். மூவருக்கும் பொதுவாக ஒரே ஒரு மொழிதான் இருந்தது. அதையும் மூன்று விதமாகப் பேசினார்கள். தலைமை ஓர் உயரமான அம்மாள். ஊரில் எந்த வீட்டு நிலைவாசல் தாழ்வு என்று அவர் நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர்களுடைய விதி கடுமையானது: ஒரு கதவில் எண் பொய் என்றால் அந்த ஊசிக்காரர் எழுதிய அத்தனை கதவும் பொய். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, வேறொருவரை வைத்து முதலிலிருந்து எல்லாம்.

டாக்டரம்மா தெருவை ஒரு தடவை நோட்டம் விட்டு, சாக்கட்டி பளிச்சென்றிருந்த கதவைக் காட்டினார். அது ஊசிக்காரரின் கதவு.

மாமியார் கை காட்டினார். மகள் இரண்டு கையையும் காட்டினாள். ஊசிக்காரரின் கையிலிருந்த தழும்புகளை எண்ணத் தொடங்கிய மூன்று நாடும் பாதியில் விட்டுவிட்டன. நாலாவது ஆள் அடுப்படி வாசலில் நின்றாள்.

ஜீப் டிரைவர்தான் மொழிபெயர்ப்பு. "அம்மா, உங்க கையைப் பாக்கணுமாம்."

விஷயம் தெரிந்த சூப்பர்வைசர் அவள் காதோரம் குனிந்தார். "சின்ன வயசுல இஸ்திரிப் பெட்டி பட்ட தழும்பு ஒண்ணு இருக்காமே, தாயீ. அதைக் காட்டிடு. இவங்களுக்கு என்ன தெரியும்."

அவள் அசையவில்லை. "எழுதினவரு அங்க நிக்கறாரு. அவரையே கேளுங்க."

ஊசிக்காரர் கதவைப் பார்த்தார். பதினோராயிரம் பேர் ஒரு பக்கம், இவள் ஒருத்தி ஒரு பக்கம். கதவருகே போனார். கீழே இருந்த நாலை உள்ளங்கையால் துடைத்தார். மூன்று என்று எழுதினார்.

"இவளுக்குப் போடலை. கேக்காம எழுதிட்டேன். ஏழு மாசமா இது பொய்." பிறகு மனைவியிடம் திரும்பினார். "தப்புத்தான். கையைத் தர்றியா?"

அவள் ரவிக்கைக் கையை மடித்துவிட்டாள். "இதைச் சொல்ல மூணு நாட்டுக்காரங்க வரவேண்டியிருக்கு."

அவர் குத்தினார். பதினைந்து குத்தையும் அவள் வாய்க்குள் எண்ணினாள்.

டாக்டரம்மா நீளமாக ஏதோ சொன்னார். டிரைவர் தரையைப் பார்த்தபடி மொழிபெயர்த்தார். "ஒண்ணு பொய்யின்னா மத்ததை எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க. எல்லாத்தையும் ரத்து பண்றாங்களாம்."

மனைவிதான் முன்னால் வந்தாள். "இவர் எழுதினது பொய்யின்னு நான் சொல்லலாம். கட்டிக்கிட்டவ. இவங்க யாரு சொல்ல? எங்கூட வரச் சொல்லுங்க."

தங்கள் தெருவைப் பார்வையிடும்படி அம்மையார் மரியாதையுடன் அழைக்கிறார் என்று டிரைவர் மொழிபெயர்த்தாராம்.

அவள் முன்னே நடந்தாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள், கதவிலிருந்த எண்ணை உரக்கப் படித்தாள், உள்ளே இருந்தவர்களை வரிசையாக நிறுத்திச் சட்டைக் கையை ஏற்றினாள். தையல்காரர் ஏழுக்கு ஏழு. சவரக்கடையில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தவர், யார் எவர் என்று கேட்காமல் கையை நீட்டினார். தச்சர் வீட்டில் ஐந்துக்கு நாலு என்றிருந்தது. விசாரித்தால், வெளியூர் போயிருந்த பெரியவருக்குப் போடவில்லை. பெரியவரே வந்து வெறுங்கையைக் காட்டிச் சாட்சி சொன்னார். அவருக்கும் அங்கேயே குத்தியாயிற்று. அறுபத்தொரு வீடு. ஓர் எண்ணும் பிசகவில்லை. டாக்டரம்மாவின் நெற்றி மட்டும் மூன்று நிலைவாசலில் பிசகியது.

தெரு முனையில் அவர் நோட்டை மூடினார். போதும், ரத்து இல்லை என்றார் டிரைவர்.

"போதுமா? அடுத்த தெரு இருக்கே" என்ற மனைவி, பின்னால் தயங்கி நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, அங்க எத்தனை வீடு?"

"நாற்பத்தி மூணு."

"சரி" என்று சொல்லிவிட்டு, மூன்று நாடுகளையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் திரும்பினாள்.