சீகை மரம் தூங்காத வருஷம்

அந்த வருஷம் குன்னூரில் எல்லாத் தெருவுக்கும் குளிர் வந்தது. திர்சாளின் தெருவுக்கு மட்டும் வரவில்லை.

எதிர்வீட்டு ஹாலன் வாசலில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சீகை மரம் இருந்தது. குளிர் வந்தால்தான் அது தூங்கும். தூக்கம் கெட்ட மரம் மார்கழியிலேயே பூத்துவிட்டது. மஞ்சள் மகரந்தம் ஜன்னல் வழியாகத் திர்சாளின் வீட்டுக்குள் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டது.

திர்சாளின் கணவர் தவமணி தும்ம ஆரம்பித்தார். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு வார்த்தை வெளியே போய் விழுந்தது. முதலில் உப்பு போயிற்று. பிறகு செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அவர் தட்டைத்தான் காட்டினார்.

திர்சாள் ஹாலனிடம் போனாள்.

“உங்க மரத்தை வெட்டுங்கண்ணா.”

“அது என் மரம் இல்லம்மா. நான்தான் அதோட ஆளு.”

“அப்ப அதுகிட்டச் சொல்லுங்க.”

“சொன்னேன். தூக்கம் வரலைங்குது.”

அவள், தெருத்தெருவாகக் குளிரைப் பங்கிடும் குளிர் ஆபீசுக்குப் புறப்பட்டாள். அந்த ஆபீசின் வராந்தா, வருகிறவரின் கோபத்துக்கு ஏற்ப நீளும். அவள் காலையில் உள்ளே நுழைந்தாள். அதிகாரியின் மேஜையை அடைந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது.

அதிகாரி குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். அவர் மூக்கின் நுனியில் உறைபனி இருந்தது.

“எங்க தெருக் குளிர் எங்க சார்?”

“கல்யாண மண்டபத்துல ஏ.சி. ரிப்பேர். அங்க அனுப்பிட்டோம்.”

“அப்ப நாங்க யாரு? மனுஷங்க இல்லையா? என் வீட்டுக்காரர் வாயில பாதி வார்த்தை இல்ல சார்!”

“மீதிப் பாதி இருக்குல்ல?”

வராந்தா இன்னும் கொஞ்சம் நீண்டது. கதவு கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது.

“குளிர் இல்லாட்டி மழையாவது குடுங்க. மகரந்தத்தைக் கழுவிட்டுப் போகட்டும்.”

“மழை வேற ஆபீஸ்.”

திர்சாள் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள். அதிகாரி தன் சாப்பாட்டு டப்பாவை அவளுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டார். அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“கொஞ்சம் குளிர் மிச்சம் இருக்கு. ஆனா லேட் குளிர். இப்பப் போட்டா மரம் பூவையெல்லாம் அடக்கி வெச்சுக்கும். முழிச்சதும் மொத்தமா கொட்டிடும். அப்புறம் இங்க வந்து கத்தக்கூடாது.”

“கத்துவேன். குடுங்க.”

கோணிப்பையில் கட்டிக் கொடுத்தார்கள். அவள் அதைத் தலையில் சுமந்து வந்து சீகை மரத்தின் அடியில் அவிழ்த்துவிட்டாள். மரம் ஒருமுறை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. வீட்டில் தும்மல் நின்றது. தவமணி மிச்சமிருந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு நிம்மதியாக டீ குடித்தார்.

மாசியில் குளிர் தன் கோணிப்பையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. காய்ந்த காற்று வந்து மரத்தை எழுப்பியது.

மரம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பூத்துக் கொட்டியது. தெரு மஞ்சளானது. நாய்கள் மஞ்சளாயின. திர்சாள் ஜன்னலைச் சாத்த ஓடினாள். அதற்குள் தவமணி தும்மிவிட்டார். மிச்சமிருந்த வார்த்தைகள் மொத்தமும் கூட்டமாகப் பறந்து, தெருவைக் கடந்து, ஹாலன் வீட்டுக்குள் போய் இறங்கின.

தவமணி வாயைத் திறந்தார். மூடினார். மன்னிப்புக் கேட்பதுபோல அவளைப் பார்த்தார்.

திர்சாள் தெருவைக் கடந்து ஹாலன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“எங்க வீட்டு வார்த்தையைத் திருப்பிக் குடுங்க.”

“அதெல்லாம் என் வாயில ஒட்டிக்கிச்சும்மா. நான் எங்க போறேன்? வேணும்னா இங்க வந்து கேட்டுக்க.”

“அடுத்தவர் பேச்சை வெச்சுக்கிட்டுப் பேச வெக்கமா இல்ல உங்களுக்கு? இது என்ன நியாயம்?”

ஹாலன் தலையைச் சொறிந்தார்.

“இதுல ஒண்ணு அடியில கிடந்துச்சு. புத்தம் புதுசு. ஒரு தடவைகூட எடுத்துப் பேசல போல.”

“என்னது அது?”

ஹாலன் தொண்டையைச் செருமினார். தவமணியின் குரலில் சொன்னார்.

“திர்சா, நீ பக்கத்துல இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது.”

திர்சாளின் முகம் சிவந்தது. எதிரே தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். தவமணி மஞ்சள் படிந்த முகத்தோடு அங்கே நின்றிருந்தார்.

“இத்தனை வருஷமா இதை எங்க வெச்சிருந்தீங்க?” என்று அங்கிருந்தபடியே கத்தினாள். அவர் ஹாலனைக் கைகாட்டினார்.

அவள் ஹாலன் பக்கம் திரும்பினாள். கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.