பூச்சிக்காரியும் கண்ணாடித்தட்டும்

அஞ்சலி மண்டபத்து வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்து நின்றிருந்தாள் மிர்த்தா.

“உள்ள ஒரு அடி வைக்கக் கூடாது. உயிரோட இருக்கும்போது என் தங்கச்சிய அழவெச்சது போதும்.”

படியில் அன்செல்மோ பெர்த்தீஸ் மழையில் நனைந்துகொண்டிருந்தார். யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் தொளதொளத்த கறுப்புக் கோட்டு, கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், கோட்டுப் பையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீருக்கான குடுவை. பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து, இறந்துபோன நில்தாவின் கணவர் எல்பியோ எழுந்து வந்தார். மொண்டேவிடியோவில் இரண்டாம் டிவிஷன் கால்பந்துக்கு வெகுகாலம் நடுவராக இருந்தவர். இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் அவர் கால்கள் தானாக அங்கே போய் நிற்கும்.

“விடுங்க மதினி. இவர் வரலேன்னா நில்தாவே எழுந்து உக்காந்து, ‘எங்கே அந்த ஆளு’ன்னு கேப்பா.”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு மாப்ளே. புவெனஸ் ஐரிஸ்ல அத்தனை பேர் முன்னாடி என்ன சொன்னார் இவர்? மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. போன வருஷம் அங்கே நடந்த உயிரியல் கருத்தரங்கில் நில்தா தன் பழ ஈ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசி முடித்ததும் அன்செல்மோ எழுந்து, “ஈயைப் பத்திக் கேட்டாச்சு. இனி செல்லைப் பத்திப் பேசலாமா?” என்றார். அரங்கமே சிரித்தது. வீட்டுக்கு வந்த நில்தா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதற்கப்புறம் அவர் பெயரை எடுத்தாலே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள்.

அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் அன்செல்மோவுக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. எல்பியோ அடுப்பில் இறைச்சி வாட்டுவார். புகைக்கு நடுவே நில்தாவும் அன்செல்மோவும் கத்திக்கொள்வார்கள். சண்டை எப்போதும் ஒன்றுதான். உடம்புக்குள் ஒரு செல் நெருக்கமான திசுவுக்குள் புகுந்து போகிறதே, எதை வைத்துக்கொண்டு போகிறது? போகப்போகப் புதிய புரதங்களைச் செய்துகொண்டே போகிறது, செய்வதை நிறுத்தினால் வழியிலேயே சிக்கிக்கொள்ளும் என்பாள் நில்தா. அவள் பார்ப்பதெல்லாம் பழ ஈயின் கருவுக்குள். ஏற்கெனவே கையிருப்பில் இருக்கிற புரதமே நடக்கப் போதும் என்பார் அன்செல்மோ. அவர் பார்ப்பது கண்ணாடித்தட்டின் மேல் ஊர்ந்து போகிற செல்களை. ‘பூச்சிக்காரி’ என்பார் அவர். ‘கண்ணாடித்தட்டு’ என்பாள் அவள். இறைச்சி தீய்ந்துவிடும். அப்போது மட்டும் இருவரும் ஒன்றுசேர்ந்து எல்பியோவைத் திட்டுவார்கள்.

மிர்த்தா கைகளை இறக்கினாள். வழிவிட்டாள் என்று சொல்ல முடியாது; கொஞ்சம் திரும்பி நின்றாள், அவ்வளவுதான். அன்செல்மோ ஒருக்களித்து உள்ளே நுழைந்தார்.

மண்டபத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆய்வகத்துப் பெண்கள், எல்பியோவின் பழைய நடுவர் கூட்டாளிகள் எல்லாரும் காலையிலிருந்து கிசுகிசுவென்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ‘நல்ல மனுஷி, சாந்தமானவ’ என்று யாரோ சொன்னபோது எல்பியோவுக்கு அது வேறு யாரையோ பற்றிய பேச்சாகத்தான் கேட்டது. சாந்தமா, நில்தாவா?

அன்செல்மோ பெட்டிக்கு அருகே போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“இருந்தாலும் கண்ணாடி மேல செல் நடக்கத்தான் நடந்துச்சு” என்றார், நில்தாவின் முகத்தைப் பார்த்து. “அதை நீ இல்லேன்னு சொல்ல முடியாது.”

கிசுகிசுப்பு சட்டென்று நின்றது. மிர்த்தா வேகமாக நடந்து வந்தாள்.

“யோவ்! இங்கயுமா?”

“உண்மையத்தானே சொல்றேன்.”

“கண்ணாடி மேல யார் வேணாலும் நடப்பாங்க! ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்து அந்தக் கூட்டத்துக்குள்ள நடந்து பாரும், அப்பத் தெரியும்!”

சொன்ன பிறகுதான் அது அந்தச் சண்டையில் நில்தா வழக்கமாகச் சொல்லும் வசனம் என்று அவளுக்கு உறைத்தது போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அன்செல்மோ எல்பியோ பக்கம் திரும்பினார்.

“நேத்து சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.”

“எப்ப? நான் அங்கயேதானே இருந்தேன்.”

“நீ ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தே. நீ திரும்பறதுக்குள்ள கிளம்புன்னு அவதான் விரட்டினா. நான் வந்தது தெரிஞ்சா ரெண்டு பேரையும் உக்காரவெச்சு சமாதானம் பண்ணுவியாம்.”

நேற்று எல்பியோ திரும்பி வந்தபோது நில்தா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் இருந்த ஆக்ஸிஜன் குழாய் நழுவிக் கன்னத்தில் கிடந்தது. பல நாளாக ஒரு கரண்டிக்கு மேல் எதுவும் இறங்காதவள் கப்பைச் சுரண்டிச் சாப்பிட்டாள். ‘என்னடி இவ்வளவு குஷி?’ என்று கேட்டதற்கு, ‘உனக்குப் புரியாது, போ’ என்றாள். விடியும் முன்னே போய்விட்டாள்.

“என்ன சொன்னே அவகிட்ட?”

அன்செல்மோ கோட்டுப் பொத்தானைத் திருகினார். “அவளோட ஈக் கருவையே வாங்கி, நானும் செஞ்சு பாத்தேன். அவள மடக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். செல் புரதம் செய்யறத மருந்து போட்டு நிறுத்தினேன். திசு விளிம்பு வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. மூக்க மட்டும் உள்ள நுழைச்சுது. அப்புறம் அப்படியே நின்னுபோச்சு. மருந்தக் கழுவிவிட்டா மெதுவா மறுபடி நகருது.” மூச்சு விட்டுக்கொண்டார். “நீ சொன்னதுதான் சரின்னு அவகிட்ட சொன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“முதல்ல சிரிச்சா. அப்புறம், ‘ஒரே ஒரு தடவை செஞ்சதயெல்லாம் நான் நம்ப மாட்டேன், போய் மறுபடி செய்’ன்னா.”

எல்பியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மிர்த்தா “ஐயோ, அவளேதான்! அவளேதான்!” என்று சால்வை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆய்வகத்துப் பெண்கள் வெளிப்படையாகவே சிரித்தார்கள். என்ன ஆயிற்றோ என்று மண்டபத்து ஊழியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“சரி, மறுபடி செஞ்சீரா இல்லையா?” என்று மிரட்டலாகவே கேட்டாள் மிர்த்தா.

“காலைல செஞ்சேன். அதான் லேட்டாயிடுச்சு.”

“என்ன வந்துச்சு?”

அன்செல்மோ பதில் சொல்லப் பெட்டியின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நிமிஷம் வாய் மூடாத மனிதர், உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். எல்பியோ அவர் கக்கத்திலிருந்து ஃபிளாஸ்க்கையும் பையிலிருந்து குடுவையையும் எடுத்து மிர்த்தாவிடம் கொடுத்தார். அவள் மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றி அன்செல்மோவின் கையில் வைத்தாள். அவர் உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருந்தாள். “அதே இடத்துலதான் நின்னுபோச்சு” என்றார் அவர், பெட்டியைப் பார்த்து.

மதியம் புசேயோ கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கீழே ஆறு பழுப்பாகப் பளபளத்தது. பெட்டியின் முன் கைப்பிடி ஒன்றை எல்பியோ பிடித்தார். எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியை, யாரும் கூப்பிடுமுன், அன்செல்மோ பிடித்தார். எல்பியோவின் தோள் உயரம்தான் இருப்பார் அவர். தூக்கியதுமே பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது.

“பாத்து, பாத்து” என்றாள் பின்னாலிருந்து மிர்த்தா.

எல்பியோ முழங்காலை மடக்கிக்கொண்டார். பெட்டி நேரானது. கற்பாதை முழுவதும் அப்படியே குந்தினாற்போல் நடந்து போனார்.