அண்ணன் கொண்டுவந்த டப்பா

பூங்கோதை தன் ஈரலில் பாதியைக் கணவன் ராஜாக்கண்ணுவுக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலில் கொடுக்க முன்வந்தவர் கணவனின் அண்ணன் கோகுலகிருஷ்ணன்தான். ரத்த வகை பொருந்திய அன்றே அவருக்குக் கலசப்பாக்கத்தில் அவசர வேலை வந்தது. பாவம், போனை எடுக்கக்கூட நேரமில்லாத வேலை.

இன்று அவர் ஒரு டப்பாவோடு மலைமேல் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்.

"ஈரல மாத்துறப்ப ரத்தத்த நிறுத்திட்டுத் திரும்ப விடுவாங்கம்மா. அப்ப ஆக்ஸிஜனே ஈரலத் தாக்கும். அதத் தடுக்குற சத்தெல்லாம் தீந்துபூடும். இந்த மூலிகைப் பொடி அத ரொப்பிடும். போன்ல பாத்தேன்."

"இதெல்லாம் டாக்டரு ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னாருங்க மாமா. கேக்கத்தான் நீங்க இல்ல. கண்ட பொடியும் புது ஈரலுக்கு ஆவாதுன்னும் சொன்னாரு," என்றாள் பூங்கோதை.

பிறகு பொடியைத் தண்ணீரில் கலக்கி அவரிடமே நீட்டினாள்.

"உங்க ஈரலு முழுசா கீது. எவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்துனீங்க! நீங்க குடிங்க."

அவர் டம்ளரை முகர்ந்தார். "இதுல இன்னா சேத்திருக்கானோ, எனக்கு ஒத்துக்காதும்மா."

ராஜாக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பூங்கோதையும் சிரித்தாள். இருவருக்கும் ஒரே இடத்தில் தையல் வலித்தது.