பின் மூலைக் கசிவு

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபோது எனக்கு இருந்த ஒரே ஆசை, என் மச்சினன் செய்த தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான். ஆயில் ஒழுகுவதை நிறுத்துவதெல்லாம் அதற்கப்புறம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். முப்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பேர் மாறவில்லை. கார் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடமாக மெக்கானிக். இரண்டு மாதத்துக்கு முன்னால் என் வண்டியில் இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றி, அடியில் ஆயில் கசியாமல் அடைக்கிற பழைய ரப்பர் கேஸ்கட்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டுக் கொடுத்தான். மூன்றே வாரத்தில் வாசல் சிமெண்டில் கறுப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. எனக்கு வந்ததே கோபம்! நேரே பட்டறைக்குப் போனேன். வண்டியை விட வந்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே முதலாளியைக் கூப்பிட்டு, உங்கள் ஆளின் லட்சணத்தைப் பாருங்கள், சொந்த அக்கா வீட்டு வண்டிக்கே இப்படி என்றால் ஊரான் வண்டிக்கு என்ன செய்வான் என்று கிழித்துத் தொங்கவிட்டேன். சின்னவன் கையில் அழுக்குத் துணியோடு நின்றான். மறுநாள் முதலாளி அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றோடு என் மனைவி என்னிடம் பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு மேசையில் இருக்கிறது என்பதைக்கூட ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் சொல்வாள். சின்னவன் இரண்டு தடவை வந்து, ஒரே ஒரு தரம் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். நான் விடவில்லை. நைசாகச் சரிசெய்துவிட்டு, ஒன்றுமே இல்லையே என்று கையை விரிப்பான் என்று எனக்கு அவ்வளவு சந்தேகம். கடைசியில் முதலாளியே இறங்கி வந்தார். தப்பு அவன் மேல் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் திங்கட்கிழமையே சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். சரி, ஞாயிற்றுக்கிழமை நானே பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நியாயவான் பாருங்கள்.

எனக்கு வண்டி வேலை தெரியுமா என்று கேட்டால், தண்ணீர் பம்ப் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் ஸ்டோர் பார்த்தவன். உதிரி பாகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேனே தவிர ஒன்றைக்கூட மாட்டியதில்லை. ஆனால் வாய் மட்டும் பத்து மெக்கானிக்குக்குச் சமம்.

முந்தைய நாளே வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அட்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். நேர் மேலே டார்ச் அடித்தால் எல்லாமே ஈரம். எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. ஓடும்போது அடிக்கிற காற்று ஆயிலை எங்கெங்கோ இழுத்துப் பூசி வைத்திருக்கிறது. ஆகவே பிரஷ்ஷையும் மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டு இன்ஜினைக் குளிப்பாட்டினேன். இரண்டு மணி நேரம். இடுப்பு விட்டுப்போயிற்று. துடைத்து, காய விட்டு, பவுடர் டப்பாவை எடுத்து வந்து இன்ஜின் முழுக்கத் தூவினேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுடைய பவுடர்தான். அதற்கும் அவள் எதுவும் சொல்லவில்லை.

இன்ஜினைக் கால் மணி நேரம் ஓட விட்டு அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். ஆயில் கீழேதான் இறங்கும், மேலே ஏறாது; அதனால் பவுடர் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுதான் ஊற்று. பின்பக்க மூலையில், மேல் மூடியின் விளிம்பில் இருந்து ஒரு பழுப்புக் கோடு ஒழுகி இறங்கியிருந்தது. சின்னவன் போட்ட அதே மூடி. மாட்டினியா மகனே என்று உரக்கவே சொன்னேன்.

மூடியைக் கழற்றலாம் என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். அப்போதுதான் போல்ட் தலைகளில் வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. அது சின்னவனின் பழக்கம். இவ்வளவுதான் இறுக்க வேண்டும் என்று அளவு வைத்த ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி முடித்ததும், போல்ட் தலையில் தொடங்கி மூடி வரைக்கும் மெல்லியதாக ஒரே கோடு இழுத்துவிடுவான். கோடு நேராக இருந்தால் போல்ட்டை அதற்கப்புறம் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவன்தான் இதைச் சொன்னான். நல்ல வேளை, பெயிண்டர் வேலையாவது ஒழுங்காகச் செய்கிறானே என்று நான் நக்கலடித்தேன்.

எட்டு போல்ட். எட்டிலும் கோடு முறிந்திருந்தது. மூடி மேல் பாதி ஒரு பக்கம், போல்ட் தலையில் பாதி கால் சுற்று தள்ளி இன்னொரு பக்கம்.

அந்தக் கால் சுற்று யாருடையது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வண்டி பட்டறையிலிருந்து வந்த அன்று சாயங்காலமே நான் பானெட்டைத் திறந்து, ஸ்பேனரைப் போட்டு, எட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தேன். அடுத்தவன் இறுக்கியது எனக்கு ஒரு நாளும் போதாது. எங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டிலை என்னைத் தவிர யாராலும் திறக்க முடியாது. அன்று கண்ணாடிகூடப் போடவில்லை, கோடு எங்கே தெரியும்? இறுக்கியதை ஒரு தப்பாகவே நான் நினைக்கவில்லை. அதனால்தான் பட்டறையில் அவ்வளவு கத்தியபோதும் அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பின் மூலையில் கேஸ்கட் இறுக்கம் தாங்காமல் நசுங்கிப் பிதுங்கி, கிழிந்து கிடந்தது.

அந்தக் கோடுகளை ஒரு போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பியிருந்தால் போதும். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். பிறகு அந்த நாலைந்து பேரும், கையில் துணியோடு நின்றவனும், நான் பேசிய பேச்சும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? போனைப் பைக்குள் போட்டுவிட்டு, துணியில் தின்னரை நனைத்து எட்டுக் கோடுகளையும் துடைத்தேன். புதுக் கேஸ்கட் வாங்கி வைத்திருந்தேன். அதை உட்கார வைத்து, இந்தத் தடவை மணிக்கட்டு பலத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்ஜினை மறுபடி ஓட விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மனைவி போனோடு வெளியே வந்தாள். ஸ்பீக்கரில் சின்னவன்.

"பார்த்துட்டீங்களா மாமா?" என்றான்.

"கேஸ்கட் கிழிஞ்சிருக்கு. பின் மூலையில." இதுவரைக்கும் உண்மை.

அளவு வைத்துத்தான் இறுக்கியதாக ஞாபகம் என்றான். அன்று மூன்று வண்டி, கை ஓயவே இல்லை, அதனால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"போல்ட்டு மேல கோடு இருந்துச்சா மாமா? வெள்ளைக் கோடு?"

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை நேராகப் பார்த்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது.

"கோடு எதுவும் இல்லடா," என்றேன்.

"அப்ப நான்தான் அளவு வைக்காம இறுக்கிட்டேன்." அவன் குரல் உள்ளே போய்விட்டது. "நீங்க கத்தினதுல தப்பே இல்ல. மன்னிச்சிருங்க மாமா. முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்தான்.

"பரவால்ல, விடு," என்றேன்.

போனை அணைத்ததும் மனைவி அழுதாள். தம்பி தப்பை ஒத்துக்கொண்டானே, நீங்கள் மறுபடி அவனைத் திட்டுவீர்கள் என்று பயந்தேன், பெரிய மனதோடு விட்டுவிட்டீர்கள் என்றாள். என் பேச்சை நம்பாமல் இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதற்கு என்னிடம் வருத்தம் தெரிவித்தாள். சூடாகக் காபி போட்டுக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் குடித்தேன்.

சின்னவன் இப்போது ஒரு கிடங்கில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறான். வேறு பட்டறையில் கேட்டுப் பார்க்கச் சொன்னால், இன்னொருத்தர் வண்டியைக் கெடுக்க வேண்டாம் என்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். வண்டியை எடுக்கும்போது ஏதோ சத்தம் வருகிறது, என்னவென்று பாரேன் என்று சாவியை நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"எனக்கு என்ன மாமா தெரியும்? நீங்களே பாருங்க," என்றான்.

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான்.