வரிசைப்படி உட்கார்ந்தவன்

இஸ்ரேலில், யெஸ்ரெயேல் பள்ளத்தாக்கின் அந்தக் கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணையின் சாப்பாட்டுக்கூடத்தில் யாரும் இடம் பார்த்து உட்காருவது கிடையாது. உள்ளே வந்தால் வரிசையில் அடுத்த காலி நாற்காலி எதுவோ, அதுதான் உன் இடம். மே தினத்துக்குச் செங்கொடியும் இஸ்ரேலின் நீலவெள்ளைக் கொடியும் பக்கம் பக்கமாகப் பறந்த ஊர்.

அந்த மழைக்காலத்தில் எல்லாம் கெட்டது. யூத நாட்டுக்காக நின்ற சியோனிஸ்டுகள் ஏகாதிபத்திய உளவாளிகள் என்று கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த பிராக் நகரத்து நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சோஷலிசக் கோர்ட்டு பொய் சொல்லாது" என்றான் மாட்டுக்கொட்டகை ஷைக்கா. போச்சு! சியோனிஸ்டாகவும் இடதுசாரியாகவும் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். ஷைக்காவையும் அவன் பக்கம் நிற்பவர்களையும் கிப்புட்ஸை விட்டு வெளியேற்றப் போவதாகப் பேச்சு.

சலவைக்கூடத்து ஹங்கா வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்க ஆரம்பித்தாள். அவள் புருஷன் ஃபைவல் அடிக்கடி ஷைக்கா பக்கத்தில்தான் சாப்பிட்டான். அவனை வெளியேற்றினால் அவளும் மகளும் எங்கே போவது?

"என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

"மீன்ல உப்பு ஜாஸ்தின்னு."

"பச்சைப் பொய்!"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. துவைக்க வந்த அவன் சட்டைப் பையைத் துழாவினாள். ஓர் ஆலிவ் கொட்டைதான் இருந்தது. அதையும் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிப்புட்ஸ் செயலாளர் சிம்ஹா ஃபைவலைப் பற்றி வந்து கேட்டபோது, "தினமும் அவன்கூடத்தான் உக்கார்றான், தோழர்" என்று சொல்லித் தொலைத்தாள்.

பொதுக்கூட்டத்தில் சிம்ஹா எழுந்தார். "ஃபைவல், ஏன் ஷைக்கா பக்கத்துல உக்கார்றே?"

"காலியா இருந்துச்சு."

"வேற இடமே இல்லையா?"

"அடுத்த நாற்காலி அதுதானேய்யா? வரிசையை எப்ப மாத்தினீங்க? எங்கிட்ட யாரும் சொல்லலையே! நீ சொல்றது பைத்தியக்காரத்தனம்னு அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுத்தான் சாப்பிடுறேன்."

ஷைக்கா பக்கத்து நாற்காலி நிரம்பட்டும் என்று தினமும் எல்லோருமே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபடி வெளியே மழையில் நின்றவர்கள்தான். ஹங்காவும்தான் நின்றாள். அவளுக்கு முகம் கூசியது.

"நல்லா நடிக்கிறான்" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

அவனை வெளியேற்றுவதை சிம்ஹா ஓட்டுக்கு விட்டார்; கைகள் உயர்ந்தன. எல்லோரும் ஹங்காவைப் பார்த்தார்கள். மகளை நினைத்துக்கொண்டு அவளும் கையைத் தூக்கினாள். ஃபைவல் அவளைப் பார்த்தான்.

அவன் போன மறுநாள் காலை, ஹங்கா சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய் வரிசைப்படி அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள்.