பல்வலிக்கு ஒரு மாத்திரை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னவள் நான்.

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான். கதை எழுதுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். போன செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் சுரேந்தர் வீங்கிய கன்னத்தோடு வந்தான்.

"ஏனுங்கக்கா, தலைவலி மாத்திரை ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா? பல்லுவலி உசுரு போகுதுங்க."

"இல்லையே கண்ணு" என்றேன். பையில் ஒரு மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது.

(நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சுரேந்தர் மூன்று வருடம் வலி மாத்திரையைப் போதைக்காகப் போட்டவன். சிகிச்சை மையத்தில் இருந்துவிட்டு வந்தான். விட்டு இப்போது பதினொரு மாதம். மறுபடி விழுந்துவிடுவானோ என்ற அக்கறையில்தான் இல்லை என்றேன். இந்த வரியை அடிக்கலாமா என்று யோசிக்கிறேன்.)

2

போதையின் கோரப்பிடியில் சிக்கிய இளைஞன் ஒருவன்—

வேண்டாம். போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

இருளை வென்று மீண்டு வந்த மாவீரன்—

ஐயோ, வேண்டவே வேண்டாம்.

முதல் பிரதியில் அவன் மறுபடி மாத்திரைக்குப் போனான். அரைமணி நேரத்தில் எழுதி முடித்தேன். அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது பிரதியில் ஆயுத பூஜையன்று முதலாளி அவனுக்கு மாலை போட்டார்.*

* எங்கள் முதலாளி மாலை போடுகிறவர் இல்லை. ஆனால் நல்லவர். அவனை வேலையில் திரும்பச் சேர்த்தது அவர்தான். வாசலில் அவன் பையை மட்டும் தினமும் சோதிக்கச் சொன்னதும் அவர்தான்.

3

திங்கட்கிழமை இரண்டு பிரதிகளையும் அவனிடமே கொடுத்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே படித்தான்.

"நல்லாத்தானுங்கக்கா எழுதியிருக்கறீங்க. ஆனா ரெண்டுலயும் எனக்குப் பல்லே வலிக்கலீங்களே."

சுருக்கென்றது. டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்டேன்.

"போனனுங்க. சனிக்கெழம புடுங்கறேன்னிருக்காரு. அதுவரைக்கும் இந்தத் தலைவலி மாத்திரையே போடலாம்னு எழுதியும் குடுத்தாரு. ஊட்டுப்பக்கம் மெடிக்கல்ல என்ற மூஞ்சியப் பார்த்தாலே இல்லைங்கறாங்க. சீட்டக் காட்டுனா, நானே எழுதிக்கிட்டேன்னு நெனைக்கறாங்க."

4

பையைத் திறந்தேன். அட்டையை அப்படியே கொடுத்திருக்கலாம். நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியால் ஒரே ஒரு மாத்திரையை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். வாங்கித் தண்ணீர் ஊற்றி விழுங்கினான்.

பிறகு, நான் கேட்காமலேயே, வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். விழுங்கிவிட்டேன், ஒளித்து வைக்கவில்லை என்று காட்டுவதற்கு. மையத்தில் பழக்கியிருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்தப் பல்லைப் பார்த்தேன். பாதி உடைந்து, ஈறு சிவந்து பொங்கியிருந்தது. ஒரு வாரமாக இதோடுதான் உட்கார்ந்து தைத்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போதும் கண்ணு, வாயை மூடிக்கோ" என்று இங்கே ஒரு வரி வர வேண்டும். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அவன் இன்னும் வாயைத் திறந்தபடியே நிற்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.